மின்னலன் செய்த துரோகம்

"வைத்தியச்சிக்கு நித்திரை மந்திரம் போடுறன். ஆளைத் தூக்கிக் குகைக்குள்ள வச்சு, வாசலைப் பாறையால மூடுறன்," என்றான் பார்த்தீபன்.

"துரோகி!" பிரதாபன் மேசையில் ஓங்கிக் குத்தினான். பகடை துள்ளிக் கீழே விழுந்தது.

சிந்து விருட்டென்று எழுந்தாள். அந்த வைத்தியச்சி அவள்தான்.

பிளாக்ஹவுஸ் பே என்கிற புறநகரில், பார்த்தீபன் வீட்டு கராஜ். தொண்ணூற்றேழாம் ஆண்டுக் குளிர்காலம். சனிக்கிழமை பின்னேரம் என்றால் நாலு பேரும் அங்கே கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு வேடம். பகடையை உருட்டி, வாயாலேயே ஒரு மாய உலகத்தைக் கட்டி ஆடுகிற ஆட்டம். "கராஜ் வேணுமெண்டா தமிழில கத்துங்கோ" என்பது பார்த்தீபனின் அம்மா இராசமலர் போட்ட ஒரே நிபந்தனை.

கதையை நடத்துகிறவள் அவனுடைய அக்கா நிசாந்தினி. பிரதாபன் வாள்வீரன். சிந்து, காயம் ஆற்றுகிற அமுதவல்லி. பார்த்தீபன், மின்னலன் என்கிற இளம் மந்திரவாதி.

மின்னலனுக்கு ஒரே கனவு. ஏழடுக்குக் கோபுரத்துக்குத் தலைவனாக வேண்டும். இரண்டு வருடமாக எறும்பு மாதிரி மந்திர சக்தியைச் சேர்த்து வைத்திருந்தான். கூட இருந்தவன் குற்றுயிராய்க் கிடந்தபோதுகூட ஒரு சொட்டுச் செலவழித்தவன் இல்லை. இன்றைக்கு டிராகன் விழுந்தால் கோபுரம் அவன் கையில்.

சிந்துவுக்கும் இன்று முக்கியமான நாள். கடைசி ஆட்டம். எல்லர்ஸ்லியில் அப்பா பழனிவேல் பார்த்த வேலை முடிந்துவிட்டது. விசாவையும் நீட்டித்துத் தரவில்லை. வியாழக்கிழமை கோயம்புத்தூருக்குப் பயணம்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஊர் மாறிப் போனால், அவர் ஏற்ற பாத்திரம் கடைசி ஆட்டத்தில் வீரமரணம் அடைய வேண்டும். முன்பு கூட ஆடிய கம்சாயினி சிட்னிக்குப் போனபோது, அவளுடைய வில்லாளி தன்னந்தனியாகப் பாலத்தைக் காத்து விழுந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கம்சாயினி அழுதுகொண்டே ரோல்ஸ் சாப்பிட்டாள்.

தன் முறைக்காக, அமுதவல்லியின் கடைசி வசனத்தைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள் சிந்து. டிராகன் வாயைத் திறக்க, அவள் வசனத்துக்காக மூச்சை இழுத்த நேரத்தில்தான் இந்தப் பாவி கையைத் தூக்கினான்.

"பார்த்தீ, விளையாடாத. வேற ஏதாவது பண்ணு."

"ஏலாது. சொன்னது சொன்னதுதான்."

"டிராகனை விழுத்தின பேர் அவளுக்குப் போயிடுமெண்டு உனக்குப் பயம்!" என்றான் பிரதாபன். "கோபுரப் பைத்தியம் முத்திப் போச்சு. வைத்தியச்சி இல்லாட்டி நான் என்னெண்டு சண்டை பிடிக்கிறது?"

நிசாந்தினி தம்பியிடம் திரும்பினாள்.

"யோசிச்சுத்தான் சொல்லுறியோ? உருட்டினாப் பிறகு திருப்ப ஏலாது."

"ஓம் அக்கா." குனிந்து பகடையை எடுத்தான். உருட்டினான். பாறை மூடிக்கொண்டது.

நித்திரையில் இருக்கிறவள் சண்டை போட முடியாது. பேச முடியாது. தன் கடைசி ஆட்டத்தைச் சிந்து சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

இராசமலர் ரோல்ஸ் தட்டோடு வந்தார். "ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு?"

"உங்க பையன் என்னைத் தூங்க வச்சுட்டான் ஆண்ட்டி."

"அவன் கதைச்சா ஆருக்கும் நித்திரைதான் வரும். நீர் சாப்பிடும்."

மின்னலனின் முறை வந்தது.

"நான் பேசாமல் நிக்கிறன்," என்றான் பார்த்தீபன்.

"ஏன், சேர்த்து வச்சதை வங்கியில போடப் போறியோ?" என்று சீறினான் பிரதாபன். தனியாளாக வாளைச் சுழற்றி, நாலு காயம் வாங்கி, கடைசியில் ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்தான். டிராகன் அலுத்துப்போய்ப் பறந்து போய்விட்டது.

யாரும் சாகவில்லை. யாரும் கை தட்டவில்லை.

பிரதாபன் சிந்துவிடம் மட்டும் விடைபெற்றுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். வெளியே பழனிவேல் கார் ஹாரனை அடித்தார். சிந்து கோட்டை மாட்டிக்கொண்டு கராஜ் வாசலில் திரும்பினாள்.

"ஏண்டா இப்படிப் பண்ணின? செத்துருந்தாக்கூட நல்லா செத்துருப்பேன்ல?"

பார்த்தீபன் மேசையில் உரிந்திருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வாயைத் திறந்து சொல்லன்டா," என்றாள் நிசாந்தினி. "சரி, நான் சொல்லுறன். அந்தப் பாறை மந்திரத்துக்கு இருக்கிற சக்தி முழுக்கப் போயிடும் சிந்து. மின்னலனிட்ட இனி ஒண்டுமில்லை. திரும்பவும் கோபுரத்துக்குத் தண்ணி அள்ளுற வேலையில இருந்துதான் தொடங்க வேணும்."

"அப்ப... அவ்வளவும் போச்சா?"

"அவ்வளவும்தான். ஆனா உள்ளுக்க இருக்கிறவளை இனி டிராகனும் தொட ஏலாது, நானும் தொட ஏலாது."

சிந்து ஓர் எட்டு அவன் பக்கம் வந்தாள். ஹாரன் மறுபடியும் கேட்டது.

"நாங்க திரும்பி வர மாட்டோம்டா. அப்பா முடிவாச் சொல்லிட்டார்."

பார்த்தீபன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

"சொல்லட்டும். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்க எங்கட அம்மா வீட்டை இடிச்சுப்போட்டோ வந்தவ? பூட்டிப்போட்டுத்தானே வந்தவ."