பொய்க் கடிகாரம்

மால்டா தீவில் துறைமுகக் கோட்டைச் சுவரைப் பழுதுபார்க்கப் போன சித்தூர் கொத்தனார் இஸ்ரேல், கடலில் விழுந்து காணாமல் போனார். அங்கே இருந்தவரை அவர் கைக்கடிகாரம் சித்தூர் நேரத்தில்தான் ஓடியது.

உடல் கிடைக்காமலே உறவினர்கள் வீட்டில் நினைவு ஜெபம் வைத்தார்கள். படத்துக்கு மாலையும் போட்டார்கள். மனைவி கிருபாபாய் மட்டும், "அவரு வருவாரு" என்றாள்.

அந்தத் துறைமுக ஊரிலேயே நர்ஸாக இருக்கும் மகள் கேசியா, ஜெபம் முடிந்ததும் வீடியோ காலில் அங்குள்ள சர்ச் ஒன்றைக் காட்டினாள். இரண்டு கோபுரங்கள், இரண்டு கடிகாரங்கள். ஒன்று ஓடும். மற்றது, பிசாசைக் குழப்புவதற்காகத் தப்பு நேரத்தோடு சுவரில் வரைந்த படம்.

"அதைக் கிட்ட காட்டுடீ."

வரைந்த முட்கள் ஒன்றேகால் காட்டின. கிருபாபாய் தன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றேகால்.

"அது வெறும் பெயின்ட்டும்மா. எப்பவும் ஒரே டைம்தான்."

"போனை வெச்சிடாத. பாத்துக்கினே இரு."

சித்தூர் வீட்டில் ஒன்றரை ஆனது. மால்டா சுவரிலும் ஒன்றரை ஆனது.

கிருபாபாய் ஸ்டூல் போட்டு ஏறி, படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். ஜெபத்துக்கு வந்திருந்தவர்களிடம் திரும்பினாள்.

"எல்லாரும் துன்னுட்டுப் போங்க. அவருக்கு எடுத்து வெச்சிட்டேன்."