ஆணியில் நான்கு புஷ்கள்

"காது கொடுத்துக் கேளுங்க. டொக், டொக்னு வருதா?"

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினார் மலைச் சைக்கிள் சங்கத்தின் தலைவர் ராண்டால். அவருடைய கேரேஜில் வெண்டலும் டெஸ்ஸாவும் குனிந்து நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, தலைவரே," என்றாள் டெஸ்ஸா.

"இருபது வருஷம் மலை இறங்கின காதுக்குத்தான் கேக்கும்."

வெண்டலுக்கு உடனே கேட்டுவிட்டது.

மறுநாள் காலை பந்தயம். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து அதிர்ச்சியைத் தாங்கும் ஃபோர்க்கின் காலுக்குள் உள்குழாய் ஆடாமல் வழுக்கி இறங்குவது, காலுக்கு இரண்டாக இருக்கும் மெல்லிய புஷ் வளையங்களால்தான். அவற்றை மாற்றக் கடைக்குப் போவது சங்கத்துக்கே அவமானம் என்று போன கூட்டத்தில் முழங்கியிருந்தார் ராண்டால். முதலில் தன்னுடையது, அது சரியாக வந்தால் பதினான்கு பேர் ஃபோர்க்கும் இந்த கேரேஜுக்கு. வராவிட்டால் தலைவர் பதவியே வேண்டாம். வெண்டலின் சைக்கிளும் டெஸ்ஸாவின் சைக்கிளும் வெளியே டிரக்கில் காத்திருந்தன.

"கடைக்காரன் ஒண்ணையும் மாத்த மாட்டான்," என்றார் ராண்டால். "குப்பைத்தொட்டியிலேர்ந்து நாலு பழைய புஷ்ஷைப் பையில போட்டு, உன்னுதுலேர்ந்து கழட்டினதுன்னு கையில குடுப்பான்."

இரண்டு நாள் அலுவலக வேலையாக டென்வர் போயிருந்த அவர், அன்று காலைதான் திரும்பியிருந்தார். மனைவி கொரின் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தார். வேலை மேஜையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் நான்கு புஷ்கள். ஆர்டர் செய்தது வந்துவிட்டது, கொரின் பிரித்தும் வைத்துவிட்டார் என்று அவருக்கு மகா திருப்தி.

எண்ணெயை வடித்தார். கால்களை உருவினார். தானே தயாரித்த மரைக்கம்பியும் குழாயும் கொண்டு, அரைமணி நேரம் பல்லைக் கடித்து முதல் புஷ்ஷை வெளியே இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கடவுளே. இதை வச்சுக்கிட்டா நாளைக்கு இறங்க இருந்தேன்?"

வெண்டல் வாயைப் பொத்திக்கொண்டான். ராண்டாலின் இரண்டு குழந்தைகளை நினைத்துப் பார்த்ததாகப் பிறகு சொன்னான்.

"பளபளன்னுதானே இருக்கு?" என்றாள் டெஸ்ஸா.

"அதுதான் ஆபத்து. பூச்சு தேஞ்சாத்தான் இப்படிப் பளபளக்கும்."

மற்ற மூன்றும் இன்னும் மோசம் என்றார். சங்கத்துக்குப் பாடமாக இருக்கட்டும் என்று நான்கையும் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். பையிலிருந்ததை எடுத்து, "புதுசோட நிறத்தைப் பாருங்க, அடக்கமா இருக்கு," என்று காட்டிவிட்டுத் தட்டி இறக்கினார். புது எண்ணெய் ஊற்றி மூடினார். பிறகு பிரேக்கைப் பிடித்து ஆட்டச் சொன்னார்.

டெஸ்ஸா ஆட்டினாள். விரல் நுனியில் ஏதோ தட்டியது.

"இப்பதான் டொக்குங்குது, தலைவரே."

"புதுசு அப்படித்தான். ஒரு இறக்கத்துல உக்காந்துரும்."

வெண்டல் தன் சைக்கிளை இறக்க டிரக்குக்கு ஓடினான். அவனுக்கு வழிவிட்டு, டியூட்டி உடையோடு உள்ளே வந்தார் கொரின். கையில் பிரிக்காத ஒரு பார்சல்.

"வாசல்ல கிடந்துச்சு. நீ ஆர்டர் பண்ணின புஷ் போல."

"அது முன்னாடியே வந்தாச்சே," என்று சிரித்தார் ராண்டால். "மேஜைமேல பையில இருந்துச்சே, போட்டும் முடிச்சாச்சு."

கொரின் காலிப் பையைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். பார்சல் கையிலிருந்து நழுவியது.

"நீ டென்வர்ல இருந்தப்ப, பந்தயத்துல விழுந்து வைக்கப் போறியேன்னு பயந்து கடையில குடுத்து மாத்திட்டேன், ராண்டால்," என்றார். "பையில இருந்தது அவங்க கழட்டிக் குடுத்த பழசு."