சக்கரம் சொன்ன எண்

ஆய்வுக்கூடத்துக் கூண்டில் மைவால், வெட்டுக்காது என்று இரண்டு சுண்டெலிகள் இருந்தன. மைவாலுக்கு மட்டும் தினமும் ஊசி. நாலாம் நாள் மைவாலால் சுற்றுகளை எண்ணும் சக்கரத்தில் ஏறவே முடியவில்லை.

“பக்கத்துக் கூண்டுக்காரனுக்கும் இப்படித்தான் எண்ணிக்கை குறைந்தது. மறுநாளே அறுத்துப் பார்த்துவிட்டார்கள்” என்றது மைவால்.

“நீ பேசாமல் படுடா. உன் ஓட்டத்தையும் சேர்த்து நானே ஓடுகிறேன். யார் ஓடியது என்று சக்கரத்துக்கு என்ன தெரியும்?”

பாதம் தேய்ந்து ரத்தம் கசியும்வரை வெட்டுக்காது ஓடியது.

காலையில் ஆய்வாளர் வந்து எண்ணைப் பார்த்தார். வெட்டுக்காது ரத்தப் பாதங்களை மரத்தூளுக்குள் மறைத்துக்கொண்டது.

“துளிகூடக் குறையவில்லையே” என்றார் அவர் உதவியாளரிடம். “இந்த மருந்து போதாது. இன்றைக்கு இரண்டு மடங்காகக் கொடுங்கள்.”

மரத்தூளுக்குள்ளிருந்து மைவால் மெல்லக் கேட்டது: “என்னடா சொல்கிறார்?”

“நீ நன்றாக இருக்கிறாயாம்” என்றது வெட்டுக்காது.