ஒரு வாய்த் தண்ணீர்

மறுபடியும் மூன்றாம் மாடிக்கே வந்து நின்றாள். சக்கர நாற்காலியில் கணவர்.

"கிட்னி டாக்டர் தண்ணி குடிக்கச் சொன்னாரா?" இதய டாக்டர் சிரித்தார். "இந்தக் கால் வீக்கத்தப் பாத்தாராமா? தண்ணியக் குறைங்க. நீர் போற மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

ஐந்தாம் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

கிட்னி டாக்டர் சிரிக்கவில்லை.

"அந்த மாத்திரையப் போட்டா கிட்னி காஞ்சு போயிரும்னு சொன்னேன்ல? நிறுத்துங்க. நல்லா தண்ணி குடிக்கட்டும்."

"நீங்களே அவருக்கு ஒரு போன் போட்டுருங்களேன் சார்."

"அவரு சீனியர்மா. அவரு விஷயத்துல நான் தலையிட்டா மரியாதையா இருக்காது."

கீழே இதய டாக்டரும் இதையேதான் சொல்லியிருந்தார். என்ன, அங்கே இவர் சீனியர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீர் சேர்ந்தால் இதயத்துக்கு ஆகாது. நீர் வற்றினால் சிறுநீரகத்துக்கு ஆகாது. இரண்டும் ஒரே ஆளுக்குள்தான் இருக்கின்றன என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

காலையிலிருந்து அவர் மாத்திரையும் போடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது.

சாப்பாட்டு நேரம். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறிய லிஃப்டிலேயே கிட்னி டாக்டரும் ஏறினார். மூன்றாம் மாடியில் இதய டாக்டர் சேர்ந்துகொண்டார்.

லிஃப்டின் சுவரில் ஒரு சுவரொட்டி. இருவரும் கைகுலுக்கிச் சிரித்தபடி. 'இதயமும் சிறுநீரகமும்: பிரியாத நண்பர்கள். ஞாயிறு காலை மாபெரும் கருத்தரங்கு.'

"போட்டோல பத்து வயசு கொறஞ்சு தெரியுறீங்க சார்."

"உங்களுக்கு அந்தக் கோட்டு எடுப்பா இருக்கு சார்."

தரைத்தளம். கதவு திறந்தது.

அவள் சக்கர நாற்காலியை வாசலில் குறுக்கே நிறுத்தினாள். மூட வந்த கதவு சக்கரத்தில் இடித்துத் திரும்பியது.

"ரெண்டு பேரும் இங்கயே பேசி முடிங்க. இந்த மனுசன் தண்ணி குடிக்கலாமா, கூடாதா?"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சார் சொல்லட்டும்" என்றார் இதய டாக்டர்.

"சேச்சே, நீங்க இருக்கும்போது நானா? நீங்க சொல்லுங்க சார்."

"இல்ல இல்ல, நீங்கதான்..."

கதவு மறுபடி வந்து இடித்தது.

கணவர் அவள் தோள்பையிலிருந்து பாட்டிலை உருவினார். மூடியைத் திருகி, ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்.

விழுங்கவில்லை.

உப்பிய கன்னங்களோடு அண்ணாந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.