ஜெண்டேலா

பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவருக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவரைப் பார்த்துக்கொள்ள ஜாவாவிலிருந்து வந்த சுமியாத்திக்குத் தமிழே தெரியாது. ஆனாலும் அவர் மேசை என்றால் அவள் மேஜாவைத் துடைத்தாள்; அலமாரி என்றால் லெமாரியைத் திறந்தாள்.

"எல்லாம் போர்த்துகீசியக்காரன் கப்பல்ல கொண்டுவந்த வார்த்தை. எங்க கரையிலயும் போட்டான், உங்க கரையிலயும் போட்டான்" என்று மருமகள் பூங்கோதை தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிச் சிரித்தாள்.

அன்று வெளியே மழை பிடித்திருந்தது. பெரியவர் "ஜன்னல்" என்றார். "ஜெண்டேலா!" என்று சுமியாத்தி ஓடினாள். பூட்டியிருந்தது. பன்னிரண்டாவது மாடி. வேலைக்கு வந்தவள் எட்டிப் பார்த்து விழுந்து வைக்கக் கூடாதென்று பூங்கோதை போட்ட பூட்டு. ஆபீஸுக்குப் போகும்போது வாசல் கதவையும் அவள் வெளியே பூட்டிக்கொண்டுதான் போவாள்.

"சாவி" என்றார் பெரியவர்.

சுமியாத்தி விழித்தாள். அதுவும் அதே கப்பலில் வந்த சொல்தான். அவள் கரையில் மட்டும் இறங்கவில்லை. பெரியவர் நல்ல கையைத் தூக்கி, இரண்டு விரல்களைக் காற்றில் மெல்லத் திருகிக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. பகல் முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

மாலையில் பூங்கோதை உள்ளே வந்ததும் வராததுமாகச் சுமியாத்தி கையை நீட்டினாள்.

"சாவி."

பூங்கோதையின் கை தன்னையறியாமல் பையை இறுக்கியது. உள்ளே கொத்து கிணுகிணுத்தது.

"எந்தச் சாவி?"