சின்ன பேட்டரி
பெரிய பேட்டரி நிறையச் சார்ஜ் இருந்தும் மின்சார லாரி அசையாமல் நிற்கிறது. அதை எழுப்பவேண்டிய சின்ன பேட்டரி செத்துக் கிடக்கிறது. மெக்கானிக் அக்கா சிவப்புக் கவ்வியைப் பிளஸ்ஸிலும், கறுப்பைப் பேட்டரிக்கு எட்டத்தில் லாரியின் வெற்று இரும்பிலும் மாட்டிவிட்டு, அப்புறம்தான் சார்ஜரின் சுவிட்சைத் தட்டுகிறாள். "ரெண்டு ஆம்பியர் போதும். அவசரப்பட்டா சூடாயிடும்." கடைசியாக லாரியை ஓட்டி நிறுத்தியவன் டிரைவரின் மச்சான், மனைவியின் தம்பி. மேலாளரிடம் அவன்தான் இப்போது வாங்கிக் கட்டிக்கொள்கிறான். "லைட்ட அணைக்க மறந்திருப்பேன் சார்." டிரைவர் குனிந்து, சார்ஜரின் வயரைத் தேவையில்லாமல் நேராக்குகிறான். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாகத் தரையில் விழுகிறது. சார்ஜரின் மஞ்சள் விளக்கு நிதானமாகச் சிமிட்டுகிறது. வெகுநேரம் கழித்து, திறந்திருக்கும் கேபினுக்குள் ஏதோ முனகுகிறது. நேற்று விடுமுறையில் நின்ற லாரிக்குள் யாருக்கும் தெரியாமல் ஏறித் தூங்கிய டிரைவர், இருக்கைக்குப் பின்னால், சின்ன பேட்டரியில் ஓடும் பிளக்கில் சொருகி அணைக்க மறந்துபோன நீல மின்விசிறி, ஒருமுறை விக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குகிறது. "யாருதுய்யா இது?" என்கிறார் மேலாளர். அந்த விசிறியைத் தன் அக்காவின் வீட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கும் மச்சான், டிரைவரின் பக்கம் திரும்பவே இல்லை. கையை நீட்டி அதை அணைக்கிறான். "என்னுதுதான் சார்."