சுற்றாமல் திறந்த குப்பி

குப்பியைச் சுற்றாமல் திறந்துவிட்டேன்.

திறந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அதன் மூடி, கழற்றிப் போட்ட கையுறைகளோடு கழிவுத் தொட்டியில் ஐக்கியமாகியிருந்தது.

ஆய்வகத்தில் எனக்குக் ‘கைராசி’ என்று பட்டப்பெயர். பதினொரு வருடத்தில் நான் உடைத்த கண்ணாடியைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சின்ன வீட்டுக்கு ஜன்னல் போட்டிருக்கலாம். ஆனால் கண்ணாடி உடைந்தால் சத்தமாவது கேட்கும். இது சத்தமே இல்லாத சொதப்பல்.

குப்பியில் இருந்தது கீமோகைன் என்ற புரதம். மனிதப் புரதம்தான், ஆனால் எந்த மனிதரிடமிருந்தும் எடுத்ததில்லை. நம்முடைய மரபணு ஒன்றை பாக்டீரியாவுக்குள் செருகி, அதன் தலையில் வேலையைக் கட்டி, செய்து வாங்கி, உலர்த்தி அனுப்புகிறார்கள். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும்.

அளவு என்று பார்த்தால் ஓர் உப்புக்கல் இதைவிடக் கனம். கண்ணுக்குத் தெரியாது. வரும் வழியில் குலுங்கி மூடியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் குப்பியை மெஷினில் வைத்து ஒரு நிமிடம் சுற்றி, தூளைக் கீழே இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

சுற்றாமல் திறக்காதீர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதியது நான்தான்.

இந்தப் புரதத்துக்கு ஒரே வேலை, கூப்பிடுவது. உடம்பில் எங்காவது அடிபட்டால் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களை ‘இங்கே வா’ என்று கூப்பிடும். அவை ஓடிவந்து கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்துப்போகும். அந்தப் பிணங்கள்தான் சீழ்.

என் தங்கை மகளுக்குச் சீழே வந்ததில்லை.

நாலரை வயது. முழங்காலில் இரண்டு மாதமாக ஆறாத ஒரு புண். ஈரமில்லாத, சுத்தமான புண். “என் மருமகளுக்கு உடம்பு தங்கம், எவ்வளவு அடிபட்டாலும் சீழ் பிடிக்காது” என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமையடித்தவன் நான். மூன்றாவது முறை நிமோனியா வந்தபோதுதான் வாயை மூடினேன்.

டாக்டர் அவள் ரத்தத்தை எங்கள் ஆய்வகத்துக்கே அனுப்பினார். சோதனை எளிது. மேலே அவளுடைய வெள்ளணுக்கள். நடுவில் பொடித் துளைகள் போட்ட ஒரு சவ்வு. கீழே, குழியில், கரைத்த புரதம். அணுக்கள் துளைக்குள் நுழைந்து கீழே வந்தால் கவலையில்லை. வராவிட்டால் அது கூப்பிட்டாலும் வராத ரத்தம். அப்புறம் அவளுக்குப் பொருந்துகிற எலும்பு மஜ்ஜையைத் தேடி அலைய வேண்டும். கிடைக்கும்வரை அவள் தாங்கவும் வேண்டும்.

“நீயாண்ணா செய்யப்போற? விளங்கினாப்பலதான்!” என்று காலையில் தங்கை போனில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “எதுவா இருந்தாலும் மழுப்பாம சொல்லிடு, என்ன?”

மழுப்புவதில் நான் எங்கள் மேடத்தின் கால்தூசிக்குப் பெறமாட்டேன். ஆய்வகத்தின் தலைவி. வெளியே மழையா என்று கேட்டால், கொட்டுகிற மழையை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “பெய்யலைன்னு சொல்ல முடியாது” என்பார்.

இருந்தது அந்த ஒரே குப்பி. அடுத்தது வர ஆறு வாரம். எடுத்த ரத்தமோ மாலைக்குள் வீணாகிவிடும். வீணானால் குழந்தைக்கு மறுபடியும் ஊசி. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. குப்பியில் கரைசலை ஊற்றினேன். கரைய உள்ளே ஏதாவது மிச்சம் இருந்ததா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இரண்டு மணி நேரம் கழித்து மேடம் நுண்ணோக்கியில் உட்கார்ந்தார். சொந்தக்காரன் எண்ணக் கூடாது என்பது விதி. நான் பின்னால் நின்றேன்.

ஓர் அணுவுக்கு ஓர் அழுத்து. அவர் கையில் இருக்கும் எண்ணும் கருவி ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும்.

சத்தம் வரவில்லை.

அவர் குழிகள் வரிசையாக இருக்கும் தட்டை லேசாக நகர்த்திப் பார்த்தார். திரும்பவும் நகர்த்தினார். கட்டைவிரல் பொத்தான்மேல் சும்மாவே இருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக என் சொதப்பலை நினைத்து எனக்கு நிம்மதி வந்தது.

“மேடம், நான்தான் கெடுத்துட்டேன். குப்பியச் சுத்தாம தொறந்துட்டேன். எல்லாம் மூடியோட குப்பைக்குப் போயிடுச்சு. கீழ கூப்பிட ஆளே இல்ல மேடம், அப்புறம் எப்படி வரும்? பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல. வேணும்னா என்னை வேலையவிட்டுத் தூக்கிடுங்க.”

இதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னவன் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

மேடம் திட்டவில்லை. தட்டை ஒரு குழி தள்ளி வைத்தார். எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார்.

“பாருங்க.”

குனிந்தேன். சாயம் ஏறிய அணுக்கள் ஊதா ஊதாவாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைத்திறப்பு விழாக் கூட்டம் மாதிரி நெரிசல். எண்ணவே முடியாது. கூப்பிட்ட குரலுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

“வந்துட்டாங்க மேடம்! எவ்ளோ பேரு பாருங்க! யாரு, என் மருமகளாச்சே!”

கண் கலங்கி, ஊதாவெல்லாம் ஒன்றாய்க் குழம்பியது. பையில் கைவிட்டுப் போனை எடுத்தேன். தங்கையின் எண்ணைத் தேடும்போது, மேடத்தின் கை என் தோளில் விழுந்தது. பதினொரு வருடத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை.

“அது காலையில ஒப்பிட்டுப் பாக்க உங்ககிட்ட எடுத்த ரத்தம். புரதத்துக்கு ஒன்னும் ஆகல, நீங்க எதையும் கெடுக்கல. பாப்பாவோடது பக்கத்துக் குழி. அங்க ஒன்னுகூட வரல.”